அம்மாவின்ரை பேரிலை ஒரு கூடை

என்ரை தம்பி கெல்வின் ரொறன்ரோவிலையிருந்து வந்து இண்டைக்குப் பதினொரு நாள். இன்னும் சேமக்காலையிலை அம்மாவின்ரை கல்லறைக்குப் போகேல்லை. ஆனால் உடுவிலிலை எங்கடை பொதுப்பூங்காவிலை ஒன்பது இரும்புக்கூடை நட்டு முடிச்சிட்டார், கனடாத் துரை.

டிஸ்க் கோல்ஃபாம். ஒரு பிளாஸ்டிக் தட்டை எறியிறது. அது சங்கிலி தொங்கிற கூடைக்குள்ளை விழவேணும். எத்தினை எறிக்கு விழுந்ததெண்டு எண்ணுறது, குறைய எறிஞ்சவர் வெண்டவர். இவ்வளவுதான். உந்தக் கூத்துக்கு ரிப்பன் வெட்டி, போதகரைக் கூப்பிட்டுச் செபம் பண்ணி, சனத்துக்குத் தின்னப் பற்றிஸும் குடுத்தவன்.

எங்கடை ஆக்களைத் தெரியுந்தானே. செத்த ஆளின்ரை பேர் போடாமல் ஒரு தண்ணிப் பைப்பும் பூட்டமாட்டினம். இதிலையும் கூடைக்கொரு செத்த ஆள். முதலாவது ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர், மூண்டாவது பராசக்தி அன்ரி, ஒன்பதாவது எங்கடை அம்மா.

"சேமக்காலைக்கு எப்ப வாறாய்?" எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டன். ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு. வெயில், தலையிடி, கூலியாள் வரேல்லை. நாளைக்குப் பிளேன். இண்டைக்குக் காலமை பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லுறான்: "அக்கா, என்னோடை ஒரு ஆட்டம் விளையாடுங்கோ. நீங்கள் வெண்டால் நேரை சேமக்காலைக்கு வாறன். இது பழகிறவைக்கெண்டு போட்டது, உங்களுக்கும் ஏலும்."

ஏலுமாம்! படுக்கையிலை கிடந்த அம்மாவை ஆறு வருஷம் பிரட்டித் துடைச்ச கை இது. உவனோடை தட்டெறிய ஏலாதோ?

அவனுக்குக் கையுறை, தொப்பி, தட்டு வைக்கத் தனிப் பை. எறியமுதல் புல்லைப் பிடுங்கிப் பறக்கவிட்டுக் காத்துப் பார்க்கிறான். கருமம்! நான் செருப்பைக் கழட்டிப்போட்டு எறிஞ்சன். முதல் ரண்டு தட்டும் வேலிக்குள்ளை போச்சு. பிறகு மணிக்கட்டு பிடிபட்டுது. அஞ்சாவது கூடைக்குக் கீழை ரண்டு ஆடு படுத்திருக்க, கிட்டப் போகப் பயந்து தூர நிண்டே எறிஞ்சு தவறவிட்டான். ஆட்டுக்குப் பயப்பிடுற வீரர்.

எட்டாவது முடிய ரண்டு பேரும் சமன். ஒன்பதாவதிலை அவனுக்கு நாலு எறி போச்சு. என்ரை ரண்டாவது எறி கூடையடியிலை போய் விழுந்துது. இன்னும் நாலடி தூரந்தான், கண்ணை மூடிக்கொண்டு எறிஞ்சாலும் விழும். 'கூட்டிக்கொண்டு வாறனணை' எண்டு மனதுக்குள்ளை அம்மாவுக்குச் சொன்னன்.

அப்பதான் கூடையிலை பேர் போட்டிருந்த தகட்டைக் கிட்டப் பார்த்தன். 'திருமதி ரஞ்சிதம் கனகரட்ணம். கர்த்தருக்குள் நித்திரை: ஜூன் 14.'

"டேய், அம்மா பதினஞ்சாந் திகதி விடியப்புறமெல்லோ கண்ணை மூடினவ? பதினாலு அவ கஞ்சி குடிச்சவ. உன்னையும் விசாரிச்சவ."

"அங்கை எங்களுக்குப் பதினாலு பின்னேரம், அக்கா. எனக்கு வடிவா ஞாபகமிருக்கு. நீங்கள் போன் எடுக்கேக்கை நான் பார்க்கிலை ஒன்பதிலை ஏழாவது கூடையடியிலை நிண்டனான். அண்டைக்கு எடுத்த ஸ்கோர் பிறகு ஒருநாளும் எடுக்கேல்லை."

விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்துது.

"ஏழாவதிலை போன் வந்தால், ஸ்கோர் எப்பிடியடா வந்தது?"

அவன் தொப்பியைக் கழட்டித் திருப்பிப் போட்டான்.

மிச்ச ரண்டு கூடையையும் விளையாடி முடிச்சிருக்கிறான். நான் இஞ்சை தனிய நிண்டு அம்மாவின்ரை வாய் பிளவாமல் நாடியைச் சீலைத்துண்டாலை கட்ட, உவர் அங்கை ஸ்கோர் எடுத்திருக்கிறார். தூ!

தட்டைத் தூக்கினன். மதிலுக்கு அங்காலை, வாழைத்தோட்டத்துக்குள்ளை போக விசிறி எறிஞ்சன்.

"அக்கா, என்ன இது? வெல்லுற ஆட்டமெல்லோ!"

"நீதான் வெண்டனி" எண்டன். "சேமக்காலைப் பக்கம் வந்திடாதை. அம்மா உன்னை நல்ல பிள்ளையெண்டு நினைச்சுக்கொண்டு போனவ. அப்பிடியே கிடக்கட்டும்."