ஜெமைலின் முன்பல்

மயக்க மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டுப் பயிற்சியில் இருந்தபோது நான் செய்த காரியம் இது. என் கணவரிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

நீஷ் நகரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை என்றால் பித்தப்பை ஆபரேஷன்கள். முதல் நாளே ஒவ்வொருவரையும் வார்டில் பார்த்து, வாய், பல், கழுத்து, மூச்சு என்று தாளில் எழுதி வைக்கவேண்டும். அந்த ஞாயிறு நான் பார்த்த நான்காவது ஆள் ஜெமைல். பக்கத்து வ்ரான்யே ஊர்க்காரர், கல்யாணங்களில் ட்ரம்பெட் வாசிப்பவர். ரோமா சமூகத்தவர், எங்கள் ஊரில் ஜிப்சி என்று இளக்காரமாகச் சொல்வார்கள். ஐம்பது வயதிருக்கும். வாயைத் திறக்கச் சொன்னதும் ஈயென்று காட்டினார்.

"நல்லா பாத்துக்குங்க டாக்டரம்மா. இந்த முன்பல்லு ரெண்டும் இருந்தாத்தான் எங்க வீட்ல அடுப்பெரியும்."

சிரித்தேன். பற்கள் வரிசையாக, உறுதியாக இருந்தன. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். தாளில் பல்லுக்கான கட்டத்தை மட்டும் நிரப்பாமல் எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் காலை அவரை மேசையில் படுக்கவைத்து மருந்து ஏற்றினேன். துறைத்தலைவர் டாக்டர் ரத்மிலோ பக்கத்துத் தியேட்டரில் இருந்தார். கஷ்டமாக இருந்தால் கூப்பிடு என்று சொல்லித்தான் போயிருந்தார். ஜெமைல் தூங்கியதும் நாக்கைத் தூக்கிப் பிடிக்கும் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தேன். குட்டைக் கழுத்து. சுவாசத்துக்கான குழாயைச் செருகவேண்டிய தொண்டை வாசல் தெரியவே இல்லை.

"பெரியவரைக் கூப்பிடட்டுமா?" என்றாள் ஸ்மில்யா. இருபது வருஷமாக அந்தத் தியேட்டரில் இருக்கும் நர்ஸ்.

"வேணாம் சிஸ்டர், தெரியுது" என்றேன். தெரியவில்லை. போன வாரம்தான் ரத்மிலோ எல்லோர் முன்னாலும், "துன்யா, குழாய் போடக் கைதான் வேணும். நீ வாயாலயே போடறே" என்று கிண்டல் செய்திருந்தார். இன்னொரு முறை அவரைக் கூப்பிட எனக்கு மனசில்லை.

கருவியை மேல்நோக்கித் தூக்கவேண்டும். பல்லில் முட்டுக்கொடுத்து நெம்பக் கூடாது. முதல் வருஷப் பாடம் அது. நான் நெம்பினேன். டிக் என்று ஒரு சத்தம். குழாய் உள்ளே போய்விட்டது. நாக்கின் மேல் பல்லின் பாதி கிடந்தது. இடுக்கியால் எடுத்துப் பஞ்சில் சுற்றிக் குப்பையில் போட்டேன். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே தாளை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் எழுதினேன்: மேல் முன்பல் ஏற்கெனவே உடைந்துள்ளது.

ஸ்மில்யா பார்த்துக்கொண்டே நின்றாள்.

விழித்ததும் ஜெமைலின் நாக்கு முதலில் அந்த இடத்தைத்தான் தேடியது. "என் பல்லு?" என்றார் குழறலாக. மருந்து மயக்கம், தூங்குங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

ஒரு வாரம் கழித்து மனைவியுடன் புகார் கொடுக்க வந்தார். ரத்மிலோவின் அறைக்கு என்னையும் ஸ்மில்யாவையும் கூப்பிட்டார்கள். மனைவி போனில் ஒரு போட்டோ காட்டினாள். ஏதோ கல்யாணத்தில் ட்ரம்பெட்டைத் தூக்கிப் பிடித்தபடி, முன்பல் இரண்டும் முழுசாகத் தெரிய, வாய்கொள்ளாச் சிரிப்போடு ஜெமைல்.

ரத்மிலோ போனைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "இது எந்தக் காலத்துப் போட்டோவோ. தாள்ல தெளிவா எழுதியிருக்கு. உங்காளுங்க பாட்டில் மூடியையே பல்லால தொறக்கறவங்கதானே?"

ஜெமைல் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. நீங்கதானே பாத்தீங்க."

"தாள்ல இருக்கறதுதான்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனாள். வெளியே வந்ததும் ஸ்மில்யா என் காதருகே, "எனக்கு வீட்ல ரெண்டு பிள்ளைங்க, பெரியவரைப் பகைச்சுக்க முடியாது. அதான் வாயைத் தொறக்கல. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். அதற்குப் பிறகு வேலைக்கு வேண்டியதைத் தவிர என்னோடு பேசவில்லை.

பொய் இவ்வளவு சுலபமாகச் செல்லுபடியானதுதான் என்னை அரித்தது. வேறொரு நோயாளி, ஒரு வக்கீலோ வாத்தியாரோ இருந்திருந்தால், அந்தப் போட்டோவை நான்கு பேர் உற்றுப் பார்த்திருப்பார்கள். எழுதும்போதே எனக்கு அது தெரிந்திருந்தது என்பதுதான் இதில் கேவலம்.

அடுத்த மாதம் வ்ரான்யேயில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். பேண்ட் வந்தது. ட்ரம்பெட் வாசித்தவர்கள் எல்லோரும் இளவட்டங்கள். பின்னால் பெரிய மத்தளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தட்டியவர் ஜெமைல். என்னைப் பார்த்தார். அடி தப்பவில்லை. சித்தப்பா அவர்களுக்கெல்லாம் சாராயம் ஊற்றிக்கொண்டே, "என்னய்யா, ராஜா மாதிரி ஊதுவே, இப்ப பின்னாடி போயிட்டே?" என்று கேட்டார்.

"பல்லு போச்சுங்க" என்றார் ஜெமைல். அவ்வளவுதான். எப்படிப் போனது என்று சொல்லவில்லை. சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். நான் சாப்பிடாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை ரத்மிலோவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "முடிஞ்சுபோன விஷயத்தை ஏம்மா கிளர்றே? பல்லு ஒடையறது எல்லாருக்கும் நடக்கும்."

"ஒடைச்சதுக்காக வரல டாக்டர். எழுதினதுக்காக வந்தேன்."

தாளில் திருத்தம் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். தண்டனையாக என் பயிற்சி ஆறு மாதம் நீண்டது. காப்பீட்டுப் பணத்தில் ஜெமைலுக்குப் பல் கட்டினார்கள். மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்து முழுதும் கேட்டார்.

"பல்லு கட்டியாச்சு. பழைய மாதிரி காத்து நிக்கல. சின்னப் பாட்டு ஊதறேன்" என்றார். கட்டிய பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன், அதோட போயிருக்கும். என் பொண்டாட்டி முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டீங்களே டாக்டரம்மா."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. உள்ளிருந்து மனைவி யாரென்று குரல் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்காங்க" என்றார் உள்பக்கம் திரும்பி. "இப்ப கெளம்பிடுவாங்க."