வழியுணவு: பெயர்ச்சொல்

1

இந்தக் கதை ஓர் உதாரண வாக்கியமாகப் பிறந்தது. அகராதி ஒன்றுக்காகச் சில கிறிஸ்தவச் சொற்களுக்குப் பொருளும் பயன்பாடும் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். ‘வழியுணவு: மரணத் தறுவாயில் இருப்பவருக்கு அளிக்கப்படும் நற்கருணை அப்பம்.’ பொருள் ஒரே வரியில் முடிந்தது. பயன்பாட்டுக்கு, ‘முதியவர் வழியுணவு பெற்றார்’ என்று எழுதினேன்.

“வாக்கியத்துல உயிரே இல்லையே” என்றார் பதிப்பாசிரியர்.

“போகப்போறவருதானே சார்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் திருத்த உட்கார்ந்தேன்.

2

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு

(வேண்டாம். என் கதைகளில் யார் சாகக் கிடந்தாலும் மழை வந்துவிடுகிறது. மேகங்களுக்கே அலுத்திருக்கும்.)

நல்ல வெயில். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கீழே, ஜன்னலோரக் கட்டிலில், வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிய ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இனி மருந்தால் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் மகளிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, “நெஞ்சுச் சளிப்பா, சரியாயிடும்” என்றாள். அம்மாவிடமும் அதே சளிதான்.

பாதிரியார் வந்ததும் வாசலிலேயே மறித்தாள்.

“ஃபாதர், அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க.”

“எந்த வார்த்தைம்மா?”

“வழியுணவு. சும்மா நற்கருணைன்னு சொல்லுங்க. அப்பா லாரிக்காரரு. வழின்னாலே புரிஞ்சுடும்.”

“பொய் சொல்லச் சொல்றியாம்மா?”

“பாதி சொல்லுங்கன்னு சொல்றேன்.”

(முதல் வரைவில் இந்தப் பாதிரியாருக்கு வெண்தாடியும் ஞானமும் கொடுத்திருந்தேன். இரண்டையும் மழித்துவிட்டேன். இப்போது இருப்பவர் குருப்பட்டம் பெற்றுக் கொஞ்ச காலமே ஆனவர். ஜெபப் புத்தகத்தைப் பார்க்காமல் வாய் திறக்க பயப்படுபவர்.)

3

பாதிரியார் கட்டிலருகே நின்று வாசித்தார். அந்தச் சொல் வந்ததும் நின்றார். தொண்டையைச் செருமினார். மகளைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள்.

அப்பா கண் திறந்தார். “ஏன் ஃபாதர் பிரேக் போட்டுட்டீங்க? பள்ளமா?”

“இல்ல… அது வந்து…”

“வழியுணவுன்னு இருக்கும். எங்கப்பாவுக்குக் கொடுத்தப்ப பக்கத்துலதான் நின்னேன். படிங்க.” மூச்சு வாங்கிக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத பாப்பா. தாங்கமாட்டா.”

“என்கிட்ட என்ன சொல்லக்கூடாது?” தண்ணீர்ச் செம்போடு கதவருகே நின்றாள் அம்மா. “சளிக்கு யாராவது ஃபாதர வரச்சொல்லுவாங்களா? நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா ஏமாத்திட்டு இருந்தீங்க, கெடுக்க வேணாமேன்னு இருந்தேன்.”

இவ்வளவு நாளும் ஒற்றையாளாகச் சுமந்த மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து, விக்கி விக்கி அழுதாள். அம்மா அவள் தலையைத் தன் முழங்காலோடு சாய்த்துக்கொண்டாள்.

அப்பாவால் முழு அப்பத்தை விழுங்க முடியாது. பாதிரியார் துணுக்களவு கிள்ளி, ஒரு கரண்டித் தண்ணீரோடு ஊட்டினார். மீதி அவர் விரலில் நின்றது.

“அவளுக்குக் கொடுங்க ஃபாதர்” என்றார் அப்பா. “ரோட்டுல எப்பவும் தனியாவே சாப்பிட்டுட்டேன்.”

அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு முழந்தாளிட்டாள்.

4

முடிவு. அன்று மாலையே அவர் இறந்ததாக எழுதினேன். இரண்டு உவமைகள் அருமையாக விழுந்தன. உவமைக்காக ஒரு மனிதரைக் கொல்வதா என்று அடித்துவிட்டேன். அவர் முழுக்கக் குணமாகிவிட்டதாக எழுதினால் பதிப்பாசிரியர் என்னைக் கொல்வார். விசாரித்ததில், ஆபத்து நீடிக்கும்வரை வழியுணவை மறுபடி மறுபடி கொடுக்கலாமாம். எனவே பாதிரியார் அடுத்த வாரமும் வந்தார்.

“சாப்பாடு வந்துடுச்சு, வண்டியத்தான் இன்னும் காணோம்” என்றார் அப்பா. பாதிரியார் புத்தகத்தைப் பார்க்காமலே சிரித்தார்.

அவர் போனதும் அம்மா, “நீ கொஞ்சம் வெளிய இரும்மா, அப்பாகிட்ட பேசணும்” என்று மகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மகள் நடையிலேயே நின்றாள். நானும்தான், பேனாவும் கையுமாக. அம்மாவின் குரல் தணிந்து, நெடுநேரம் கேட்டது. நடுவில் அப்பா ஏதோ கேட்டார். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தப் பேச்சை என்னால் இட்டுக்கட்ட முடியும், பிழைப்பே அதுதான். ஆனால் கதவை இழுத்துச் சாத்தியது அவள். உங்கள் வீட்டிலும் சாத்திய கதவு இருக்கும். உள்ளே என்ன பேசினார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.