குழாய்ச் சத்தம்

அன்று காலை பத்து மணிக்கு என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் மருமகள், இரண்டு அதிகாரிகள், இறந்து இரண்டு வருடமான என் மனைவி.

குடை கொண்டுவந்த அதிகாரி, உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தார். மற்றவர் மடியில் சின்ன டேப் ரெக்கார்டர் இருந்தது. என் மகன் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவன். எல்லா வீட்டுப் பேச்சையும் அரசாங்கம் ஒட்டுக்கேட்கிறது என்று ஆதாரத்தோடு பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டு, வெளிநாட்டில் அடைக்கலம் கேட்டிருந்தான். சந்தேகப்பட்டவர்களை மட்டுமே கேட்கிறோம் என்றது அரசாங்கம்.

"பையனுக்குப் புத்தி சரியில்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க ஐயா. குடும்ப மானமாவது மிஞ்சும்."

"எங்க குடும்பத்துல பைத்தியமும் கிடையாது, பொய்யனும் கிடையாது."

மற்றவர் பொத்தானை அழுத்தினார். என் மனைவி சிரித்தாள்.

தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "உன் அத்தான் வெளியிலதான்டி புலி. அவரு தம்பி செத்தன்னிக்குக் குளியலறைக் கதவச் சாத்திக்கிட்டு, குழாயத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதாரு. வெளிய கேக்கக் கூடாதாம்! தொட்டியில ஒரு சொட்டு தண்ணி மிஞ்சல."

என் முதுகு நிமிர்ந்தேதான் இருந்தது. கைகள் மட்டும் நாற்காலியின் பிடியைத் தேடின.

"இத ரேடியோவுல போடலாமா ஐயா?"

மருமகள் முன்னால் வந்தாள். "அத்தை போயி ரெண்டு வருஷம் ஆச்சு சார். எங்க வீட்டுக்காரரு வேலையில சேர்ந்ததே போன வருஷம். அப்ப இந்த வீட்டுல யாரச் சந்தேகப்பட்டீங்க? அத்தையையா?"

ரெக்கார்டர் நின்றது. இருவரும் எழுந்த வேகத்தில் குடையை மறந்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் மகனின் வக்கீல் அங்கிருந்து போன் செய்தார். வீட்டுக்கு யாராவது வந்து மிரட்டினார்களா என்று கேட்டார். ஆமாம் என்றால் டேப்பில் கேட்ட அந்தப் பேச்சையும் சொல்ல வேண்டிவரும்.

"என் வாசப்படிய எந்த அதிகாரியும் மிதிச்சதில்ல," என்றேன். தெருவில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னேன்.

குடும்பத்துக்கு ஆபத்தில்லை என்று தகப்பனே சொல்கிறார் என்று எழுதி, மகனின் அடைக்கல மனுவை அந்த நாட்டில் தள்ளிவிட்டார்கள். மருமகள் அழவில்லை. "உங்க மானம் பத்திரமா இருக்கு மாமா. அவரு?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து குழாயைத் திறந்தால் என் மனைவி சிரிக்கிறாள். மருமகள் பிடித்துவைக்கும் வாளித் தண்ணீரில்தான் குளிக்கிறேன்.

மேல்முறையீட்டுக்கு ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. அதற்காக இதை என் கையால் எழுதுகிறேன். பத்திரிகையிலும் வரும் என்றார் வக்கீல். வரட்டும்.

எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது. கிளப்பியவன் நான். அது பொய். இரண்டு பேர் வந்தார்கள். குடை இன்னும் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நான் அழுததும் உண்மை. ஆனால் ஒரு மணி நேரம் அல்ல. தண்ணீர் தீர்ந்த பிறகும் அழுதேன்.