இருசப்பன் செய்த அலமாரி

இருசப்பன் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்காமல் போனதில்லை. இவ்வளவு பெரிய மேற்குச் சுவரைச் சும்மா விட்டுவிட்டு டிவியை எதற்காக ஜன்னலோர மூலையில் திணித்து வைத்திருக்கிறீர்கள்? அந்தச் சுவரடியில் சிமெண்டுத் தரையில் நாலு குழி எதற்கு? இரண்டுக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "இருக்கட்டும்." அவர் கட்டிய வீடு, அவர் பூசிய தரை, யார் என்ன சொல்ல முடியும்? ஆறு வருஷமாக அந்தக் குடும்பம் கழுத்தைத் திருப்பிக்கொண்டுதான் படம் பார்த்தது. பேரப்பிள்ளைகள் குழியில் கோலி ஆடினார்கள். சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டக்கூட அவர் விடவில்லை.

அவர் போய்ப் பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்தவர்கள், அவருடைய படத்தை அந்தச் சுவரில்தான் மாட்டவேண்டும் என்றார்கள். அவர் மனைவி அன்னம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "உசுரோட இருந்தப்ப அவரே அங்க ஒண்ணும் மாட்டல. இப்ப அவர மாட்டினா கோவிச்சுக்குவாரு" என்று சொல்லி, படத்தை ஒரு முக்காலியில் வைத்துவிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் கோலசிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்துப் பழைய ஆட்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து முப்பத்தேழில், பதினேழு வயதில் கப்பலேறி வந்தவர். வந்தது பால்மரம் வெட்ட. ஒருநாள் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில், கணக்கெழுதும் கிராணியின் நாற்காலி உடைந்து ஆள் கீழே விழ, எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கையில் இருசப்பன் மட்டும் நாற்காலியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாராம். மறுநாள் அது ஆணி இல்லாமல் நின்றது. அதிலிருந்து அவர் தோட்டத்துத் தச்சர். நாற்பது வருஷத்தில் எந்த லயத்து வீட்டிலும் அவர் கை படாத கதவு கிடையாது. ஆனால் வேலை விட்டால் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பாமல் நேரே வீட்டுக்குப் போவார், இரண்டு மகள்களுக்கும் அவரே எண்ணெய் வைத்துச் சடை பின்னுவார். ஊரே கேலி செய்தது. "கயிறு முறுக்கத் தெரிஞ்சவனுக்குச் சடை ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டு ரிப்பனை இறுக்கிக் கட்டுவார்.

அந்தச் சடைக்காரிகளில் இளையவள் நவமணி எல்லாவற்றையும் கேட்டபடி அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு நாளில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சிலர் முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. அழ ஆரம்பித்தால் எதற்காக அழுகிறாள் என்று அவளுக்கே தெரியாமல் போய்விடும், அதுதான் பயம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சுங்கை பெசாருக்குத் திரும்பியாக வேண்டும். அங்கே புருஷன் அர்ஜுனன் வீட்டில் அவளுக்குப் புது ஏற்பாடு காத்திருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. மாமியார் வேறொரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டாள். நவமணி பின்கட்டு அறைக்குப் போய்விட வேண்டும். அவள் சீராகக் கொண்டுபோன அலமாரியை மட்டும் புதுப்பெண்ணின் அறைக்கு மாற்றிவிட வேண்டும். அப்பா படுக்கையில் கிடந்த நேரம் இதைச் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்ல அப்பாவே இல்லை. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் நின்று "வாம்மா" என்று சொல்ல வேண்டிய ஆள் போய்விட்ட பிறகு, அது யார் வீடு?

ஈரக் கையோடு அக்கா லீலாவதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா எனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொன்னாருடி. யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. இனிமே என்ன, சொல்லலாம்லா. என் அலமாரி இருக்குல்ல, உள்பக்கம், எடது ஓரம், மேலேருந்து மூணாவது மர ஆணி. அத அடிச்சா மொத்த அலமாரியும் கழண்டு வந்துருமாம். வீடு மாறினா லோரியில ஏத்தச் சுலபம்னு வெச்சிருக்காரு."

நவமணியின் கையிலிருந்த கரண்டி நின்றது. "எனக்கும் அதேதான் சொன்னாரு, அக்கா. கல்யாணத்தன்னிக்கு. மூணாவது ஆணி."

"அட பைத்தியக்காரிங்களா" என்றாள் பின்னால் நின்ற அன்னம்மா. "லோரியில ஏத்தவா? அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தா, தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அவர் சொன்னதே இல்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல், மூன்று மைல் நடந்து வீட்டுக்கு வந்தவள் அவள். அப்பன்காரன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். சீரெல்லாம் அங்கே கிடக்க, நீ மட்டும் எதுக்கு வந்தே என்று கேட்டானாம். திரும்பிப் போனவள் அந்தக் கார்த்திகையைப் பார்க்கவில்லை. அடுத்த கப்பலில் இருசப்பன் கிளம்பிவிட்டார்.

"சீர் அங்க கிடக்குன்னு என் பிள்ளைங்கள யாரும் கேக்கக் கூடாதுன்னாரு. அதுக்குத்தான் அந்த ஆணி" என்றாள் அன்னம்மா.

நவமணி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். புதுப்பெண், பின்கட்டு அறை, மாமியார், எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"இப்ப சட்டம் வந்திருச்சுடி, ரெண்டு கட்ட முடியாது" என்று லீலாவதி எகிறினாள்.

"கோயில்ல தாலி மட்டும் கட்டுவாங்களாம். பதிவு கிடையாதாம்."

 அன்னம்மா உள்ளே போய்க் கணவரின் உளிப்பையைத் திறந்தாள். கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு வந்தாள். முப்பது வருஷம் உளித்தலையில் விழுந்து விழுந்து முகம் குழிந்துபோன மரச் சுத்தியல் அது. "ஞாயித்துக்கிழம சன்னாசிய லோரி எடுத்தாரச் சொல்லு" என்றாள்.

சன்னாசி இருசப்பனின் கூட்டாளி, பலகை லோரி ஓட்டுகிறவர். ஞாயிறு காலை வண்டியோடு வந்துவிட்டார். தாலி இறங்கி நாலு நாள் ஆகவில்லை, வெளியே கிளம்பலாமா என்று உறவுக்காரி ஒருத்தி இழுத்தாள். "அவரு கொட்டாப்புளி தனியாவா போகும்?" என்று கேட்டுவிட்டு அன்னம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சுங்கை பெசாரில் அர்ஜுனன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். லோரியைப் பார்த்ததும் எழுந்தான். நவமணி அவனைத் தாண்டி உள்ளே போய், சேலைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கத் தொடங்கினாள். மாமியார்தான் கதவை மறித்தாள்.

"அலமாரியக் கொண்டுபோகப் போறியா? கொண்டு போ பார்ப்போம். போன வாரம் நாலு ஆம்பளைங்க இழுத்தும் இந்த வாசல்ல நுழையல. ரம்பம் போட்டு அறுத்தாத்தான் வெளிய வரும்."

"கொஞ்சம் தள்ளிக்குங்க, சம்பந்தி. தூசி விழும்" என்றாள் அன்னம்மா. கொட்டாப்புளியை மகளிடம் நீட்டினாள்.

நவமணி அலமாரிக்குள் தலையை விட்டாள். மெராந்திப் பலகையின் வாசனை ஏழு வருஷத்துக்குப் பிறகும் போகவில்லை. இடது ஓரத்தை விரலால் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

அப்போது அர்ஜுனன் பின்னால் வந்து நின்றான். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"ஒங்கப்பாவே போயிட்டாரு. நீ எங்க போவ, நவமணி?"

 அவள் இத்தனை நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.  பதில் இல்லாமலேயே ஓங்கி அடித்தாள்.

முதல் அடிக்கு ஆணி அசைந்தது. இரண்டாவது அடிக்கு வெளியே வந்து விழுந்தது. அதன்பின் எல்லாம் சொல் கேட்கிற பிள்ளையாக வந்தது. மேல்பலகை எழும்பியது, பக்கங்கள் விலகின, கதவுகள் கையோடு வந்தன. ஒரு கீறல் இல்லை, ஒரு பிளவு இல்லை. சன்னாசி ஒவ்வொன்றாக வாங்கி அதே வாசல் வழியாகத் தூக்கிப்போனார். மாமியார் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "மனுசன் கைய வெச்சா இப்பிடித்தான்" என்றார் சன்னாசி, தானே செய்ததைப்போன்ற பெருமையோடு.

"வர்றோம், மாப்ள" என்றாள் அன்னம்மா. "வர்றேன்" என்று நவமணி சொல்லவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. பலகைகளைக் கூடத்தில் இறக்கினார்கள். எங்கே வைப்பது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வேறு இடமே இல்லை. மேற்குச் சுவரை ஒட்டிச் சட்டங்களைக் கோத்து, சன்னாசி ஒரு பக்கமும் லீலாவதி ஒரு பக்கமும் பிடிக்க, நவமணி மூன்றாவது ஆணியை அடித்து இறக்கினாள். நிமிர்த்தியபோது அலமாரி லேசாக ஆடியது.

"கொஞ்சம் இப்பிடி நகத்துங்க, பிள்ளைங்களா" என்றார் சன்னாசி.

நகர்த்தினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். அலமாரியின் நாலு காலும் தரையிலிருந்த நாலு குழிக்குள் இறங்கி உட்கார்ந்தன. பிறகு ஆடவில்லை.

 லீலாவதி குனிந்து ஒரு காலைத் தொட்டுப் பார்த்தாள். காலுக்கும் குழிக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது. இந்த வீட்டுக்குத் தரை பூசியது எழுபத்தொன்பதில். நவமணிக்குக் கல்யாணமான மறுவருஷம். அதற்கு முந்தின தீபாவளிக்குத்தான் அப்பா ஒரே ஒருமுறை சுங்கை பெசார் வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். ஒன்றும் கவனிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

நவமணி அலமாரிக் கதவில் நெற்றியை வைத்தாள். "அப்பா" என்றாள். இத்தனை நாள் வராதது எல்லாம் அப்போது வந்தது. எதற்காக அழுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அடக்காமல், வீடு கேட்கும்படி அழுதாள்.

"எனக்குக் குழி எங்க?" என்றாள் லீலாவதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ஒனக்கெதுக்கு? ஓடி வரதா இருந்தா ஒம்புருஷன்தான் ஓடி வரணும்" என்றாள் அன்னம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு சேலைக் கட்டைத் தூக்கி அலமாரிக்குள் வைத்தாள். பிறகு மூலையிலிருந்த டிவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது அங்கயே இருக்கட்டும்" என்றாள்.