பீடிக்கை

கைலாசத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தான் சொன்ன நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பார். பாளையங்கோட்டையில் டாக்டர் அருமைநாயகத்தின் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கிறவர் அவர். இதுவரை சிரித்ததிலேயே அதிகமாகச் சிரித்தது ‘பீடிக்கை’க்குத்தான்.

பீடி சுற்றும் பெண்களுக்குப் படுக்கையில் கிடந்தாலும் விரல்கள் சும்மா இருக்காது. இல்லாத இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டம் ஈ.சி.ஜி. தாளில் கிறுக்கலாக விழும். ஓரத்தில் ‘பீடிக்கை’ என்று எழுதிவிடுவார். டாக்டரும் சிரித்துவிட்டு, கிறுக்கலைத் தள்ளி மிச்சத்தைப் பார்ப்பார். நோய்க்கு லத்தீனில் பெயர் வைத்தவன்கூட இவ்வளவு பூரித்திருக்க மாட்டான்.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் முக்கூடலில் பீடி சுற்றும் ஆவுடைத்தாய் இரண்டாம் முறையாக வந்தாள். போன வாரம் நெஞ்சு படபடப்பு என்று வந்து, வாய்வு மாத்திரையோடு திரும்பியவள். இன்று பஸ்ஸிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள்.

கைகால்களில் கவ்விகளை மாட்டி மிஷினை ஓடவிட்டார். முள் நாலு துடிப்பை ஒழுங்காக வரைந்தது. பிறகு அகலமாக மூன்று குதி குதித்தது. அவர் கை பழக்கத்தில் பேனாவை எடுத்து ‘பீடிக்கை’ என்று எழுதிவிட்டது.

“எம்மா, வெரல சும்மா வையேன். இங்கன ஒம் முதலாளி யாரும் இல்ல.”

“சும்மாத்தான் வச்சிருக்கேன் அண்ணாச்சி. போன வாரமும் நீங்க ஏசுன பொறவு அசைக்கவே இல்ல.”

குனிந்து பார்த்தார். பத்து விரலும் விரிந்து, மெத்தையில் ஒட்டினாற்போல் கிடந்தன.

மிஷின் ஓட ஓட அவள் நாடியைப் பிடித்தார். முள் ஒழுங்காக ஏறும்போதெல்லாம் விரலுக்கடியில் ஒரு தட்டு. அகலமாகக் குதிக்கும்போது ஒன்றுமில்லை. கை ஆட்டம் தாளைத்தான் கெடுக்கும், நாடியை நிறுத்தாது.

அலமாரியில் போன வாரத் தாளைத் தேடி எடுத்தார். அதே குதி. ஓரத்தில் அவருடைய முத்து முத்தான எழுத்து.

“என்ன வே, பீடிக்கையா?” என்றார் டாக்டர்.

“இல்ல டாக்டர். துடிப்பேதான் தப்புது. போன வாரமும் இதேதான். நாந்தான் கண்ணவிஞ்சு போயி அப்படி எழுதிட்டேன்.”

டாக்டர் இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் கைலாசத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நானும்தான படிக்காம சிரிச்சேன்,” என்றபடி ஊசியை எடுத்தார். “காரை எடுக்கச் சொல்லும். பெரியாஸ்பத்திரிக்கு நீரும் கூடப் போம்.”

காரில் ஆவுடைத்தாய் கேட்டாள்: “என்ன அண்ணாச்சி, கைய விடவே மாட்டேங்கிய. ஜோசியமா பாக்கிய?”

வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒன்பது பதில் வைத்திருப்பார்.

“பேசாம படும்மா.”

தட்டு வந்தது, வந்தது, நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வந்தது. கார் சமாதானபுரம்கூடத் தாண்டவில்லை, தட்டு மறுபடி நின்றது.