ரேடியேட்டரில் உப்பு

ஆயில் அளக்கும் கம்பியை உருவி மெக்கானிக் சேட்டு அமலராணியின் முகத்துக்கு நேராக நீட்டினான். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பாலை அதிகம் ஊற்றிவிட்ட காபி போல வெளுத்துப்போய்க் கம்பியில் வழிந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்றான். அவள் கம்பியைப் பார்க்கவில்லை, அவன் கண்களைப் பார்த்தாள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளின் கண்களைத் தினமும் பார்த்துப் பழகிய டீச்சர் அவள். பொய் முதலில் அங்கேதான் வந்து நிற்கும் என்பது அவள் எண்ணம். சேட்டு இமைக்கவேயில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

பக்கத்தில் உட்காராவிட்டால் நல்ல சாமானெல்லாம் வேறு வண்டிக்குப் போய்விடும் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஷெட்டு வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கிழட்டு அம்பாசிடர் அவள் அப்பாவுடையது. அவர் போனபின் காரும் மேற்குத் தாம்பரத்து வீடும் ஒரே பெண்ணான அவளுக்கு வந்தன. தெரு முழுக்கப் பம்பில் உப்புத் தண்ணீர்தான் வரும். அவர்கள் வீட்டுக் கிணறு மட்டும் ஏனோ இனிக்கும். அப்பா ரேடியேட்டருக்குக்கூட அந்தத் தண்ணீரைத் தவிர வேறு ஊற்றியதில்லை. டிக்கியில் எப்போதும் ஒரு கேன் இருக்கும்.

சனிக்கிழமை காரை எடுத்துப்போனவன் அவள் கணவன் ஜெபசீலன். செங்கல்பட்டில் ஒரு சிநேகிதனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பெருங்களத்தூரில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியதாம். உடனே நிறுத்தினானாம். கேன் காலியாக இருந்ததால், ஆறவிட்டு, பஸ் ஸ்டாப் எதிரில் சரசு என்ற அம்மாவின் டீக்கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றி, மெதுவாக ஓட்டி வந்தானாம். இதை இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் ஒரு சொல்கூட மாறவில்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்பிப்பது போலிருந்தது.

சேட்டு போல்ட்டுகளைக் கழற்றி, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கிப் பலகையில் கவிழ்த்தான். அடியிலிருந்த கேஸ்கெட் தகடு நடுவில் கருகி அறுந்திருந்தது. ஹெட்டைத் துடைத்து அதன்மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்தி, குனிந்து பார்க்கச் சொன்னான். ஸ்கேலுக்கு அடியில், கதவிடுக்கில் தெரிவது போல, வெளிச்சம் தெரிந்தது.

"வளைஞ்சிருக்கா?"

"நல்லா வளைஞ்சிகீது. லேத்துக்கு அனுப்பி மட்டம் பண்ணணும். பக்கத்துல கீற பெருங்களத்தூர்லேர்ந்து வந்ததுக்கெல்லாம் இம்மாம் வளையாது, டீச்சர்."

"உடனே நிறுத்தி, தண்ணி ஊத்திதான் கொண்டுவந்தாராம்."

"சார் இத்த ஓட்டிகினு வரல. வறுத்துகினு வந்துகீறாரு."

வேலையைப் பெரிதாக்கப் பார்க்கிறான் என்று நினைத்தாள். அதை மறைக்காமல் சொல்லியும் விட்டாள். சேட்டு கோபப்படவில்லை. ரேடியேட்டர் மூடியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான். உள்விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னான். அவள் அவன் திரும்பும்வரை காத்திருந்து, விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். கரித்தது.

"கடலோரம் போய்வர டாக்ஸிங்கள்ல பாத்துகீறேன்," என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினான். "டீக்கடைத் தண்ணியும் உப்பா கீதோ இன்னாவோ. வூட்டு விசயம், நமக்கு இன்னாத்துக்கு."

கடலோரம் என்றதும் கோவளம்தான் அவள் நினைவுக்கு வந்தது. இந்த வீட்டை விற்றுவிட்டுக் கோவளம் பக்கம் கடல் தெரிகிற மனை வாங்கலாம் என்று மழைக்காலம் முழுக்க ஜெபசீலன் சொல்லிக்கொண்டிருந்தான். முடியாது என்றாள். சரி, இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்றான். ஆனால் போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஒருவரைக் கூட்டி வந்தான். ஆபீஸ் பழக்கம் என்றான். வந்தவர் காபியை ஆறவிட்டுவிட்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். விரல் கணுவால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். தனக்குத் தெரியாமல் வீட்டுக்குப் பேச்சு முடிந்துவிட்டதோ? ஒருநாள் எல்லாம் ஆனபின் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவானோ?

ஹெட்டை லேத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அவள் பெருங்களத்தூருக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம், அந்த டீக்கடைத் தண்ணீர் உப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனாள். கர்த்தரிடம் இப்படியொரு விண்ணப்பம் யாரும் வைத்திருக்கமாட்டார்கள் என்று தோன்றியபோது லேசாகச் சிரிப்பும் வந்தது.

சரசுவின் கடை அவன் சொன்ன இடத்திலேயே இருந்தது. அதுவே ஆறுதலாக இருந்தது. சனிக்கிழமை ஒரு வெள்ளை அம்பாசிடர் நின்றதா என்று கேட்டாள். நாள் முழுக்க வண்டிகள் நிற்கிற இடம், எதை ஞாபகம் வைப்பது என்றாள் சரசு. அமலராணி குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். சரசு குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள்.

இனித்தது.

"வண்டிக்கு ஊத்தறதும் இந்தத் தண்ணிதானா?"

"வேற ஏது அக்கா? ஏரிக்கரைக் கெணத்துலேர்ந்து சைக்கிள்ல வருது. உப்புத் தண்ணியில டீ போட்டா எவன் குடிப்பான்?"

அமலராணி பையிலிருந்த நீல வாட்டர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். சரசு சிந்தச் சிந்த நிரப்பினாள்.

சாயங்காலம் ஜெபசீலன் வந்ததும் வண்டியைப் பற்றித்தான் முதலில் கேட்டான். ஹெட் வளைந்ததைச் சொன்னாள். மூடியில் உப்பு இருந்ததையும் சொன்னாள். சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்த அவன் விரல் ஒரு கணம் நின்றது.

"அந்த டீக்கடைத் தண்ணிதான். வாயில வைக்க முடியல. வேற வழியில்லாம ஊத்தினேன்."

"அவ்வளவு உப்பா?"

"கடல் தண்ணி தோத்துது போ."

அவள் பையிலிருந்த நீல பாட்டிலை எடுத்து, டம்ளரில் ஊற்றி அவன் முன் வைத்தாள். தாகத்தோடு வந்தவன் ஒரே மூச்சில் குடித்து முடித்தான். டம்ளரை வைத்துவிட்டு, நிம்மதியாகச் சாய்ந்துகொண்டான்.

"என்ன இருந்தாலும் நம்ம கிணத்துத் தண்ணி மாதிரி வராது, அமலா."

அவள் டம்ளரை மறுபடி நிரப்பி, பாட்டிலை அதன் பக்கத்திலேயே வைத்தாள். டம்ளரை எடுக்க நீட்டிய அவன் கை பாதியில் நின்றது. பாட்டிலின் ஈரத்தில், பையிலிருந்து வரும்போதே ஒட்டிக்கொண்ட இரண்டு பெருங்களத்தூர் பஸ் டிக்கெட்டுகள் இருந்தன, ஒன்று போனதற்கு, ஒன்று வந்ததற்கு. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.