டார்சியின் இரண்டு

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பக்கத்து ஆண்கள் வலியை வாயால் சொல்லமாட்டார்கள். கால் முறிந்தாலும் பரவாயில்லை என்பார்கள். ஆட்டு ரோமம் கத்தரித்தே முதுகெலும்பைத் தேய்த்துக்கொண்ட என் வீட்டுக்காரர் டார்சி இதில் மகா வீம்புக்காரர். நேற்று அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை. முதுகில் செருகிய மெல்லிய குழாய் வழியாக வலிக்கு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

காலையில் நர்ஸ் ப்ரியானி கேட்டாள். “வலி எவ்வளவு டார்சி? பூஜ்யம்னா இல்லவே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாது.”

“ரெண்டு.”

பக்கத்துக் கட்டில் க்ளெம், கோதுமை விவசாயி. அவருக்கும் முதுகில்தான் கத்தி. யாரும் கேட்காமலே, “எனக்கு ஒண்ணு” என்றார்.

“அப்ப எனக்கு ஒன்றரைன்னு போட்டுக்கம்மா” என்றார் டார்சி.

“சந்தோஷம். மத்தியானம் குழாயை எடுத்துட்டு மாத்திரைக்கு மாத்திடலாம்.”

மனிதருக்கு வேர்வையில் தலையணை நனைந்திருந்தது. குழாயையும் எடுத்துவிட்டால் இவர் எழுந்து நிற்பது எப்படி? கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“டார்சி, நம்ம நாய் டிங்கர் இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தா என்ன பண்ணுவே?”

“உடனே மாட்டு டாக்டருக்குப் போன் போடுவேன்.”

“டிங்கருக்கு எத்தனை போடுவே?”

“ஒம்பது. பாவம், வாயில்லா ஜீவன்.”

“உனக்கும்தான் வாய் இல்ல.”

ப்ரியானி சிரிக்கவில்லை. அவரை மெல்ல ஒருக்களிக்க வைத்து முதுகைப் பார்த்தாள். குழாய்க்கு மேல் ஒட்டிய கட்டு சொதசொதவென்று ஈரம். மருந்தில் பாதி வெளியே கசிந்திருக்கிறது. மயக்க மருந்து டாக்டர் வந்து குழாயைச் சரிசெய்து, புதுக்கட்டுப் போட்டு, கூடுதலாக ஒரு வேளை மருந்தும் கொடுத்தார். சற்று நேரத்தில் டார்சியின் முகம் தெளிந்தது. எனக்கு உயிரே திரும்பியது.

“எங்க வீட்லயும் ஒரு நாய் இருக்கும்மா” என்றார் க்ளெம், தன் முதுகைக் காட்டி, சன்னமாக.

சாயங்காலம் டார்சி நடைச்சட்டத்தைப் பிடித்து நின்றார். நாலடி வைத்தார். நான் கூடவே போனேன். திடீரென்று நின்று என் காலைப் பார்த்தார்.

“நோலீன், நீ ஏன் நொண்டுறே?”

“முட்டி. ஒண்ணும் இல்ல.”

“எத்தனை?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை இப்படிக் கேட்டதே இல்லை.

“ஏழு” என்றேன்.

அவர் ப்ரியானியைக் கூப்பிட்டு எனக்கு ஒரு நாற்காலி கேட்டார்.